ஒடிந்த பிளக்குக்கு இன்னொரு வாசல்

சொன்னால் சிரிப்பீர்கள். பழைய டீசல் லாரி எஞ்சினில் மாட்டிக்கொண்டு ஒடிந்துபோன க்ளோ பிளக்கை வெளியே எடுப்பது போல ஒரு சுகமான வேலை இந்த உலகத்தில் இல்லை. பயம் உண்டு, எரிச்சல் உண்டு, முழங்கையில் சிராய்ப்பு உண்டு. அத்தனையும் பட்ட பிறகுதான் சொல்கிறேன், சுகம். கையில் வந்து விழும் அந்தக் கரிபிடித்த துண்டைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்கு ஈடாக எதைச் சொல்வதென்று தெரியவில்லை. சீட்டு விழுந்தால்கூட எனக்கு இப்படி இருக்காது.

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். ஷெவர்லே எம்1008. 1980களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்துகொடுத்த ஒன்றேகால் டன் பிக்கப். புதிதாக ஒரு ராணுவ வண்டி வடிவமைக்கப் பணமும் பொறுமையும் இல்லாத நேரம். ஷோரூமில் நின்ற பிக்கப்பையே எடுத்துப் பச்சை அடித்து, 24 வோல்ட் ஸ்டார்ட்டர் வைத்து, ஒன்றுக்கு இரண்டாக ஆல்டர்னேட்டர் மாட்டி, பட்டுப்போன பேட்டரிக்குப் பக்கத்து வண்டியிலிருந்து கரண்ட் வாங்க முன் கிரில்லில் ஒரு சாக்கெட்டும் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். சேவை முடிந்த வண்டிகளை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. அப்படி ஏலம் எடுத்த ஒருவரிடமிருந்து, மிச்சிகனில் நான் இருக்கும் சிற்றூருக்கு இது வந்து சேர்ந்தது.

பானெட்டுக்குக் கீழே இருப்பது 6.2 லிட்டர் வி8 டீசல். 1982 மாடல் வருடத்தில் அறிமுகமான எஞ்சின், ஒஹையோ மாநிலத்தின் மொரேன் ஊர்த் தொழிற்சாலையில் பிறந்தது. முதல் தலைமுறை ஹம்வீயில் இருந்ததும் இதுவே. இத்தனை பெரிய உருவத்துக்குக் குதிரைத்திறன் 135 மட்டும். இன்றைய சின்ன கார்கள் சில இதைத் தாண்டிவிடும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, மூடி திறந்தால் எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஏதாவது கெட்டால் எங்கே கெட்டது என்று எஞ்சினே சொல்லும், காது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி க்ளோ பிளக். நம்மூர் மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்பார்கள். டீசல் எஞ்சினில் பொறி வைக்கும் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். 6.2 எஞ்சின் காற்றை ஏறக்குறைய 21 மடங்கு நெருக்குகிறது. ஆனால் டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதில்லை. சிலிண்டர் ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குட்டி அறை இருக்கிறது. ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1930களில் கொண்டுவந்த காமெட் அறையின் வம்சம் அது. டீசல் அந்தக் குட்டி அறைக்குள் விழுந்து, சுழலும் காற்றில் பற்றி, ஒரு குறுகிய தொண்டை வழியாக சிலிண்டருக்குள் பாயும். மஹிந்திரா ஜீப்புகளில் வந்த பழைய பெஜோ டீசலும் இதே குடும்பம்தான். காலை நேரத்தில் சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு ஹீட்டர் ஏறக் காத்திருந்த டிரைவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குட்டி அறையின் நல்ல குணம், எரிதல் சாந்தமாக நடக்கும். கெட்ட குணம், சுற்றிலும் இரும்புச் சுவர். எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் நெருக்கிய காற்றின் சூட்டைச் சுவரே குடித்துவிடும். மிச்சிகன் ஜனவரியில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போகிற காலையில் பிளக் இல்லாமல் இந்த எஞ்சினைக் கிளப்பவே முடியாது. பேட்டரி தீரும்வரை சுற்றிச் சுற்றி வெள்ளைப் புகை கக்கிவிட்டு உட்கார்ந்துவிடும். எனவே ஒவ்வொரு குட்டி அறைக்குள்ளும் ஒரு பென்சில் தடிமனில் உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஹீட்டர் காயில், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி, மேலே சூட்டுக்கு அஞ்சாத கலப்புலோக உறை. டாஷ்போர்டில் ‘வெயிட்’ விளக்கு எரியும் நேரமெல்லாம் எட்டுக் குச்சிகளும் உள்ளே செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும்.

சரி, இது ஏன் ஒடிகிறது? அநேகமாக எல்லாப் பழியும் ரிலேவைச் சேரும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவரான ஃபயர்வாலில் இருந்துகொண்டு பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்து மூடும் ரிலேயின் உள் முனைகள் பொசுங்கி ஒட்டிக்கொண்டால் பிளக்குக்குக் கரண்ட் நிற்கவே நிற்காது. பழைய பிளக்குகளுக்குத் தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தெரியாது. சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகக் குறைந்த வோல்ட்டுக்குச் செய்த காயிலுக்கு அதிக வோல்ட் கொடுத்து, கன்ட்ரோலர் விட்டுவிட்டு நிறுத்தும் ஏற்பாடு அது. நிறுத்துகிறவன் தூங்கிவிட்டால் குச்சி தாங்குமா? உறை இளகி, உள்ளே பொடி விரிந்து, முருங்கைக்காயில் விதை இருக்கும் இடம்போல ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். புடைத்த குச்சி வந்த துளை வழியே திரும்பிப் போகாது. மறையைக் கழற்றினால் பிளக் சுலபமாகச் சுற்றும், வெளியே மட்டும் வராது. பலம் போட்டு இழுத்தால் புடைத்த முனை பட்டென்று முறிந்து குட்டி அறைக்குள் விழுந்துவிடும்.

எம்1008இல் இன்னொரு வேடிக்கை. வண்டியின் ஸ்டார்ட்டர் 24 வோல்ட், பிளக் 12 வோல்ட். ராணுவம் என்ன செய்தது என்றால், 24 வோல்ட்டையே ஒரு ரெசிஸ்டர் வரிசை வழியாக விட்டுப் பாதியாக்கியது. கணக்கு சரிதான், எட்டும் உயிரோடு இருக்கும்வரை. எட்டுப் பிளக்கும் சேர்ந்து இழுக்கும் கரண்ட் ரெசிஸ்டரில் ஓடினால்தான் அங்கே 12 வோல்ட் இறங்கும். ஒரு பிளக் செத்தால் இழுப்பு குறையும். இழுப்பு குறைந்தால் ரெசிஸ்டரில் இறங்கும் வோல்ட் குறையும். மிச்சமுள்ள ஏழின் தலையில் அது கூடுதலாக விழும். அடுத்தது சாகும், அதற்கடுத்தது இன்னும் வேகமாகச் சாகும். குடும்பத்தோடு போய்ச் சேர்வது என்பார்களே, அதை ஓம் விதியின்படி செய்து காட்டுகிற வண்டி இது ஒன்றுதான். எனக்கு இந்த விஷயம் புரிந்த அன்று கோபமே வரவில்லை. எழுந்து கைதட்டலாம் போல இருந்தது.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், இந்த எஞ்சின்களில் கையை நனைத்தே வயதானவர். என் வண்டி ஒழுங்காகக் கிளம்பவில்லை என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஈதர் ஸ்ப்ரே ஏதும் அடித்தாயா என்பது. இல்லை என்றதும்தான் முகம் தெளிந்தது. உள்ளே சிவந்த குச்சி இருக்கும் எஞ்சினில் ஈதரை அடித்தால் அது நேரம் காலம் பார்க்காமல் வெடிக்கும். பிளக் முனை உடையும், பிஸ்டன் ரிங் உடையும், சில சமயம் பிஸ்டனே போகும். குளிர்காலத்தில் கடைக்குக் கடை அந்த டப்பா தொங்குவதைப் பார்த்தால் இப்போதும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனை பத்து பைசா செலவில்லாதது. பிளக்கின் தட்டை முனையிலிருந்து வயரை உருவிவிட்டு, டெஸ்ட் லாம்பின் கிளிப்பை 12 வோல்ட் பாசிட்டிவில் மாட்டி, கூர்முனையால் பிளக்கைத் தொட வேண்டும். விளக்கு எரிந்தால் காயில் முழுசு. எரியாவிட்டால் பிளக் காலி. காலியான பிளக்குகளில்தான் புடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் நல்லதை முதலில் கழற்று, செத்ததைக் கடைசிக்கு வை என்றார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இரண்டு பேட்டரியையும் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, காத்திருப்பது. தினமும் மாலையில் ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுவிட்டு வருவேன். பி.பி. பிளாஸ்டர், க்ரோயில் என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் எண்ணெயையும் அசிட்டோனையும் கலந்து விடும் கட்சியும் உண்டு. எதை விட்டாலும் அது ஊறுவதற்கு நாள் கொடுப்பதில்தான் சாமர்த்தியம். ஊறவிட்ட கடைசி நாள் இரவு, எஞ்சின் தண்ணீரைக் கரண்டில் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைச் செருகிவைத்து, காலையில் எஞ்சினைக் கிளப்பி, தண்ணீர் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, அந்தச் சூட்டிலேயே கழற்ற ஆரம்பிக்க வேண்டும். 6.2 எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு. சூட்டில் எல்லாம் கொஞ்சம் தளரும், கரியும் இளகும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கிறது.

மறையளவு எம்10, தலை எட்டில் மூன்று அங்குல ஸ்பானருக்கு. நீளமான சாக்கெட்டும் சின்ன ராட்செட்டும் போதும். பெரிய ராட்செட்டைத் தொடவே தொடாதீர்கள். எம்10 பிளக்குக்கு 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் உடம்பு ஒடியும் என்று பிளக் தயாரிப்பவர்களே அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதுவரை போகவே விடக் கூடாது. கால் சுற்று இளகினால் திரும்ப முறுக்கி, இன்னொரு சொட்டு எண்ணெய், மறுபடி இளக்கு. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். கீச்சென்று அழும் மறை மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து வழுக்க ஆரம்பிப்பதைக் கையும் காதும் ஒரே நேரத்தில் உணரும். வலப்பக்கப் பின் பிளக்குகளுக்கு மேலிருந்து கை போகாது. சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டுக்கு உள்ளிருக்கும் ரப்பர் தடுப்பை ஒதுக்கி, சக்கரக் குழிக்குள் உட்கார்ந்துவிட்டால் நேரெதிரே தெரியும். அந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வது எனக்கு அலுவலக நாற்காலியைவிட வசதி.

ஐந்து பிளக்குகள் சமர்த்தாக வந்தன. மிச்சம் மூன்று.

முதலாவது மறை முழுவதும் கழன்று, சுண்டுவிரலால் சுற்றினாலே சுற்றியது, ஆனால் வெளியே வர மறுத்தது. புடைப்பு என்று தெரிந்துபோயிற்று. இங்கேதான் அந்தச் சூட்சுமம். மற்ற பிளக்குகள் வெளியே வந்துவிட்டதால் எஞ்சினில் நெருக்கம் இல்லை. முன்பக்க க்ராங்க் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையாலேயே சுற்றலாம். இழுப்பதற்கு முன்பே அந்த சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். டீசல் எஞ்சினில் உச்சியிலிருக்கும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடமே இருக்காது. முனை முறிந்து தொண்டை வழியாக இறங்கப் பார்த்தாலும் பிஸ்டன் தலை அதைத் தாண்டிப் போக விடாது. என்ன அருமையான காப்பீடு, பைசா செலவில்லை!

பிளக்கின் தலையில் வைஸ் கிரிப்பை இறுகக் கவ்வவைத்தேன். வைஸ் கிரிப்பின் பின்பக்கத் திருகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்லைடு ஹாமரை முடுக்கிக்கொள்ளலாம். கம்பியில் ஓடும் ஒரு சின்ன எடை பின்னால் போய் முட்டும்போதெல்லாம் பிளக்குக்கு ஒரு தட்டு. பலமான தட்டு ஆகாது. கதவைத் தட்டும் அளவு. தட்டு, கொஞ்சம் சுற்று, எண்ணெய், மறுபடி தட்டு. சுற்றச் சுற்ற புடைப்பு துளையின் விளிம்பில் உரசி உரசித் தேயும். ஒவ்வொரு தட்டுக்கும் ‘டொக்’ என்று ஒரு கனத்த சத்தம். அந்தச் சத்தம் மாறுவதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ‘டொக்’ போய் ‘டிக்’ ஆனது. அடுத்த தட்டில் பிளக் முழுசாக என் மடியில் வந்து விழுந்தது. முனையில் புடைப்பு, அதன் பக்கவாட்டில் தேய்ந்து பளபளக்கும் கோடு. நான் கத்திய கத்தலில் பெரியவர் வீட்டு நாய் பதில் கொடுத்தது.

இரண்டாவதைத்தான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். வைஸ் கிரிப்பை வைத்ததும் பிளக் முரண்டே பிடிக்காமல் வந்துவிட்டது. இலேசாக, மிக இலேசாக. பார்த்தால் முனை இல்லை. வெகு நாளைக்கு முன்பே உருகி அறுந்து, கரியின் பிடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. இப்போது உள்ளே குட்டி அறையில் கிடக்கிறது. இந்தக் கட்டத்தில் பல பேர் ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். வி8 எஞ்சினில் ஹெட் கழற்றுவது என்றால் இன்டேக், எக்ஸாஸ்ட், டீசல் பைப்புகள், புஷ் ராடுகள், புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட்டுகள் என்று வேலை பூதமாக வளரும். பல பழைய வண்டிகள் காயலான் கடைக்குப் போவதே இந்த ஒரு துண்டுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த எஞ்சினில் அந்தக் குட்டி அறைக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். இன்ஜெக்டர்! பிளக்கும் இன்ஜெக்டரும் ஒரே அறைக்குள்தான் எட்டிப் பார்க்கின்றன. இன்ஜெக்டரின் துளை பிளக் துளையைவிட நல்ல அகலம். அதைக் கழற்றிவிட்டால் உள்ளே போக ஒரு பெரிய கதவு திறந்துவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் சர்வீஸ் புத்தகத்திலேயே, முனை உள்ளே விழுந்தால் இன்ஜெக்டர் துளை வழியாக எடு என்றுதான் போட்டிருக்கிறது. படித்தபோது ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமான வார்த்தை!

டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்தி, ரிட்டர்ன் ஹோசை உருவி, பைப் வாயில் தூசி போகாமல் மூடி போட்டுவிட்டு, 30 மில்லிமீட்டர் ஆழ சாக்கெட்டால் இன்ஜெக்டரைக் கழற்றினேன். கீழ் அறுகோணத்தில்தான் சாக்கெட் உட்கார வேண்டும். மேல்பகுதியில் பிடித்தால் இன்ஜெக்டர் இரண்டாகக் கழன்று வரும். அடியில் இருக்கும் செம்பு வாஷரும் கூடவே வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் அதற்கு உண்டு.

காந்தக் குச்சியை விட்டுப் பார்க்கத்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பிளக்கின் உறை பெரும்பாலும் நிக்கல் கலப்புலோகம். காந்தம் அதை ஏறெடுத்தும் பார்க்காது. அதனால் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், ஆபரேஷன் தியேட்டரில் இரத்தக்குழாயைக் கவ்வுகிற அதே கத்தரி, நீளமான வகை. கூடவே போனில் செருகும் ஒரு மலிவு எண்டோஸ்கோப் கேமரா. கேமரா பிளக் துளை வழியாக, ஃபோர்செப்ஸ் இன்ஜெக்டர் துளை வழியாக. என் கண் இரண்டையும் பார்க்க முடியாதே? போனை மகள் பிடித்துக்கொண்டாள்.

“என்னப்பா இது, குகை மாதிரி இருக்கு?”

“துண்டு தெரியுதா பாரு கண்ணு.”

“கறுப்பா ஒண்ணு படுத்திருக்கு. உன் கத்தரி அதுக்கு மேல போகுது. தாண்டிப் போயிட்ட, தாண்டிப் போயிட்ட! பின்னால வா. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். கீழ... கீழப்பா... ஆங், கவ்வு!”

கவ்வினேன். நுனியில் ஏதோ பிடிபட்ட உணர்வு விரலுக்கு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே தூக்கினால் வாசல் விளிம்பில் தட்டி நழுவிவிட்டது. அவள் ‘அய்யோ’ என்று சொன்ன தொனியைக் கேட்டிருக்க வேண்டும், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பவர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். துண்டு குறுக்காகக் கிடந்ததுதான் காரணம். நுனியால் அதைத் தள்ளி நிமிர்த்தி நீளவாக்கில் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தேன். வந்தது! உள்ளங்கையில் போட்டுப் பார்த்தால் கறுத்து, சுருங்கி, ஒரு பக்கம் உருகி வழிந்த தடத்துடன். வெளியே வந்த பிளக்கின் அறுந்த வாயோடு அதைச் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும், இது அலட்சியம் செய்யக் கூடாத வேலை. இரண்டும் பொருந்திப் பிளக்கின் முழு நீளமும் கணக்குக்கு வந்தால்தான் உள்ளே எதுவும் மிச்சமில்லை. அப்படியும் நம்பிக்கை வராமல், வேக்கம் க்ளீனரின் வாயில் மெல்லிய ரப்பர் குழாயைச் சொருகி டேப் சுற்றி, அறை முழுக்க உறிஞ்சி எடுத்தேன். கரித்தூள் வந்தது, உலோகம் வரவில்லை.

பெரியவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிக்காது. ராணுவத்தில் அவர்கள் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, பம்ப்பின் இளஞ்சிவப்பு வயரைப் பிடுங்கி டீசலை நிறுத்திவிட்டு, துளைமேல் ஒரு கந்தல் துணியைப் போட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டுவார்களாம். கீழிருந்து வரும் காற்று துண்டைத் துப்பாக்கிக் குண்டாகத் துப்பிவிடும், துணிக்குள் தேடிக்கொள்ளலாம். பலருக்கு இது பலித்திருக்கிறது. துண்டு முழுசாக, குட்டி அறையிலேயே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்தால்தான் இதைச் செய்யலாம். சிதறியிருந்தால் ஒரு சில்லு தொண்டையில் இறங்கி பிஸ்டனை நாசம் செய்யும். எனக்கு ஃபோர்செப்ஸ்தான். மகளுக்கும் அதுதான்.

மூன்றாவது பிளக்கின் தலை கழன்று, மறைப்பகுதி ஹெட்டிலேயே தங்கிவிட்டது. இது அவ்வளவு சுவாரஸ்யமான வேலை இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீண்டிருக்கும் மின்முனைக் கம்பியை இழுத்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தையே வழிகாட்டியாக வைத்து இடக்கை டிரில் பிட்டால் துளையிட வேண்டும். இடக்கை பிட் எதிர்த்திசையில் சுற்றும்; சில சமயம் கடித்துக்கொண்டு மறைத்துண்டைத் தானே கழற்றிக்கொண்டு வந்துவிடும், எனக்கு அப்படியே ஆனது. பிட்டின் நுனியில் கிரீஸ் தடவிவைத்தால் துருவல் அதில் ஒட்டும். இந்த சிலிண்டரிலும் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த வாசல் வழியாகக் காற்றடித்தால் மிச்சத் துருவல் உள்ளே போகாமல் பிளக் துளை வழியாக வெளியே பறக்கும். ஈஸி அவுட் என்று கடையில் விற்கும் திருகாணி விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. டிரில்லால் துளைக்க முடியாத கடினமான எஃகு, அது உள்ளே ஒடிந்தால் நிஜமாகவே ஹெட் கழற்றும் யோகம்தான். பிறகு எம்10 டாப் ஒன்றைக் கிரீஸ் போட்டுக் கையால் ஓட்டி மறையைச் சுத்தம் செய்தேன்.

புதிதாகப் போட்டது ஏசி டெல்கோ 60ஜி. இந்த பிளக்கைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. உள்ளே ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு காயில்கள். முனைக் காயில் சூடு தருவது. பின் காயிலுக்குச் சூடு ஏற ஏற மின்தடை ஏறும். முனை சிவந்து பின்பக்கமும் காய்ந்ததும் பின் காயில் தானே கரண்டைக் குறைத்துவிடும். கன்ட்ரோலர் தூங்கினாலும் ரிலே ஒட்டிக்கொண்டாலும் பிளக் தன்னைத்தானே காத்துக்கொள்ளும், சட்டென்று புடைக்காது. பழைய வகையைவிடச் சூடேற நாலைந்து விநாடி அதிகம் பிடிக்கிறது. பிடிக்கட்டுமே! மறையில் மட்டும் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட்டை ஒரு பூச்சு, முனையில் படாமல். துளையில் இருந்த கரியை ரீமரால் வழித்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகினேன். இன்ஜெக்டர்களுக்குப் புதுச் செம்பு வாஷர், 70 நியூட்டன் மீட்டர் முறுக்கு. சூட்டில் மொறமொறத்துப்போன வயர் கிளிப்புகளையும் மாற்றினேன்.

அந்த ரெசிஸ்டர் வரிசையைப் படுக்கப் போட்டதுதான் கடைசி வேலை. ஃபயர்வாலில் 24 வோல்ட் முனையம் ஒன்றும் 12 வோல்ட் முனையம் ஒன்றும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ரெசிஸ்டரிலிருந்து ரிலேக்கு வரும் தடித்த வயரை எடுத்து நேராக 12 வோல்ட் முனையத்தில் மாட்டிவிட்டால் போதும். இனி ஒன்று செத்தாலும் மற்றதுக்கு எமன் ஆகாது. இந்த வண்டி வைத்திருப்பவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் செய்வதே இதுதான். புது ரிலேயும் போட்டாயிற்று.

டீசல் பைப்புகளில் காற்று புகுந்திருக்கும். கழற்றிய இன்ஜெக்டர்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது நுரை போய்ச் சுத்தமான டீசல் கசியும்வரை பார்த்து முடுக்க வேண்டும். அதுவும் முடிந்து, இரவு முழுக்க பிளாக் ஹீட்டர் செருகாமல் வேண்டுமென்றே வண்டியைக் குளிரில் விட்டேன். காலையில் கண்ணாடியெல்லாம் உறைபனி. சாவியைத் திருப்பினேன், ‘வெயிட்’ எரிந்தது, வோல்ட் மீட்டர் முள் கீழே சாய்ந்தது. எட்டும் இழுக்கிறது என்பதற்கு அந்தச் சாய்வே சாட்சி! விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட்டர். ஒரு முழுச் சுற்றுகூட இல்லை, கடகடவென்று எட்டு சிலிண்டரும் பிடித்துக்கொண்டது. புகை நீலமும் இல்லை வெள்ளையும் இல்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து மனைவி, “ஏங்க, தெருவே எழுந்திருச்சிரும், உள்ள வாங்க” என்றாள். நான் ஒரு மணி நேரம் கழித்துத்தான் போனேன், அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது?

பக்கத்து ஊரில் ஒருவரிடம் 6.5 டர்போ இருக்கிறது, இதே எஞ்சினின் தம்பி, 1990களில் வந்தது. வலப்பக்க டர்போ பின் பிளக்குகளை முழுசாக மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பிளக் செத்துவிட்டது, ஒன்று சுற்றுகிறது வரவில்லை என்கிறார். ஹெட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்களாம். சனிக்கிழமை நான் வருகிறேன், அதுவரை யாரையும் ஸ்பானரைத் தொட விடாதீர்கள், தினமும் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஃபோர்செப்ஸைத் துடைத்துப் பையில் வைத்தாயிற்று. கேமராவுக்கு சார்ஜ் ஏற்றிவிட்டேன் என்று மகள் இப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போகிறாள்.